இரவு 9 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு எடை குறைக்க எந்த வழி ஒத்துவரும்?

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஆவடியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வரும் ஒருவரைக் கேட்டால், அந்த 12 மணி நேரத்தை அவர் எந்தச் சட்டமும் இல்லாமலே தாண்டிவிட்டார் என்று தெரியும். ஒன்பதரை மணி நேரம் நாற்காலியில், மூன்று மணி நேரம் வண்டியில். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு, தூக்கம் பன்னிரண்டுக்கு. இந்த வாழ்க்கையில் எடை குறைக்க ஏழு வழிகள் சொல்லப்படுகின்றன: ஜிம், நடை, சாப்பாட்டு அளவை மாற்றுவது, 16 மணி நேர விரதம், பேலியோ (சோறு, சப்பாத்தி போன்ற மாவுச்சத்தை வெட்டும் உணவுமுறை), புரோட்டீன் பவுடர், வாரம் ஒரு ஊசி.

இவற்றை ஒப்பிடும்போது பலரும் கேட்பது எது வேகமாகக் குறைக்கும் என்றுதான். அது தவறான அளவுகோல். ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லா வழியும் நன்றாகவே நடக்கும். மென்பொருள் ரிலீஸ் வாரத்தில், மாதக் கணக்கு முடிக்கும் நாளில், மழையில் வேளச்சேரி சாலையில் வண்டி நின்றுபோன இரவில் எது நிற்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்கு

ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. உதாரணத்துக்கு ஓர் ஆண்: 35 வயது, 168 செ.மீ. உயரம், 78 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 27.6. நம்மவர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை. இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. நாற்காலி வேலையில் இவர் உடல் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 2,150 கலோரி. தினமும் 500 குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். எடை குறையக் குறைய வேகமும் குறையும்.

அதே வயதில் 156 செ.மீ. உயரம், 68 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் செலவு சுமார் 1,700 கலோரிதான். கணவர் பின்பற்றும் அதே அட்டவணையை அவரும் பின்பற்றி 500 குறைத்தால் மிஞ்சுவது 1,200. அதில் இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பார். பிறகு தலைசுற்றல் பயமுறுத்தி விட்டுவிடுவார். அவருக்கு 300–350 குறைத்தால் போதும், மாதம் ஒன்றே கால் கிலோ. வீட்டில் இருவரும் ஒன்றாக ஆரம்பித்து 'அவருக்கு இறங்குது, எனக்கு இறங்கல' என்று சண்டை வருவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

இனி அந்த 78 கிலோக்காரரின் சாதாரண நாளைப் பார்ப்போம். காலை டீ 90. மூன்று இட்லி, ஒரு வடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி 450. பதினொரு மணிக் காபியும் இரண்டு பிஸ்கட்டும் 170. மதியம் 300 கிராம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், அப்பளம் என்று 700. நாலு மணிக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும் 340. இரவு இரண்டு பரோட்டா, சால்னா 750. மொத்தம் 2,500. அவர் எதையும் அள்ளி அள்ளித் தின்னவில்லை. யாரும் பார்த்தால் அளவாகத்தான் சாப்பிடுகிறார் என்பார்கள். ஆனாலும் தினம் 350 கூடுதல்.

ஜிம்மும் நடையும்

78 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால், சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் அளவைக் கழித்துவிட்டு மிஞ்சுவது 120 கலோரி போல. ஒரு மெதுவடை. 500 கலோரியை நடந்தே ஈடுகட்ட வேண்டுமென்றால் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அது இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஜிம்மில் 45 நிமிடம் எடை தூக்கினால் 150 முதல் 230 கலோரி. போய்வரும் நேரம், உடை மாற்ற, குளிக்க எல்லாம் சேர்த்தால் அந்த 45 நிமிடம் ஒன்றரை மணி நேரமாகிறது.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. பெரும்பாலானவர்கள் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு அலாரம். இதில் ஆகும் நஷ்டத்தை சிகாகோவில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. பத்துப் பேருக்கு ஒரே அளவுக் குறை உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க விட்டார்கள். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தசை முதலான கொழுப்பல்லாத பகுதி. பத்துப் பேர் ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் தூக்கம் குறைந்த நாளில் நாலு மணி பஜ்ஜியைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்; 2022இல் வந்த இன்னோர் ஆய்வில், குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ளவர்களை ஒரு மணி நேரம்போலக் கூடுதலாகத் தூங்க வைத்ததும் அவர்கள் சாப்பிடும் அளவு தானாகவே நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைந்தது. தூக்கத்தை விற்று ஜிம்முக்குப் போவதில் லாபமில்லை.

இதனால் உடற்பயிற்சியே வேண்டாம் என்றாகாது. எடை குறையும்போது, பயிற்சியும் போதிய புரதமும் இல்லாவிட்டால் இறங்கியதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியாகப் போய்விடும். தசையைக் காப்பாற்றத்தான் பயிற்சி; எடையைக் குறைக்க அல்ல. அந்த வேலைக்கு வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், வீட்டுக் கூடத்திலேயே போதும்:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை. முதலில் கை ஊன்றாமல்; அது சுலபமானதும் புத்தகம் நிரப்பிய முதுகுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.
மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால் 8–12. சுவரில் தொடங்கலாம், பிறகு மேசை, பிறகு தரை.
அதே பையை ஒரு கையில் பிடித்து, குனிந்த நிலையில் இடுப்புவரை இழுப்பது, பக்கத்துக்கு 10.
மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது 15.
முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது 20–40 விநாடி.

இதுதான் ஒரு சுற்று. ஒரு நிமிடம் இளைப்பாறி மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். பதினைந்தாவது முறையும் சிரமமில்லாமல் வந்தால் பையின் எடையைக் கூட்டும் நேரம். பொதுவாக நடக்கும் தவறு, முதல் நாளே ஐந்து சுற்று செய்துவிட்டு மறுநாள் படி இறங்க முடியாமல் அந்த வாரத்தையே விட்டுவிடுவது. முதல் வாரம் ஒரே ஒரு சுற்று. மூட்டு வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்றால் நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசை இழுத்த மாதிரி இரண்டு நாள் வலிப்பது சகஜம்.

நடையை அரை மணி நேரத் துண்டாக ஒதுக்கத் தேவையில்லை. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. 10,000 அடி என்ற எண்ணும் மருத்துவத்தில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றினால் போதும், ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், மூன்று மணித் தூக்கமும் குறையும். கேமராவைத் திறக்கத் தேவையில்லாத மீட்டிங்குகளை நடந்துகொண்டே கேட்கலாம். மூன்று மாடி வரை லிஃப்ட் வேண்டாம்.

தட்டை மாற்றுவது

நேரமில்லாதவருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம், இது நேரமே கேட்பதில்லை. எப்படியும் சாப்பிடத்தான் போகிறோம்; எதை, எவ்வளவு என்பதுதான் மாறுகிறது.

மேலே சொன்ன நாளையே எடுத்துக்கொள்வோம். மூன்று டீ, காபியிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நிறுத்தினால் 120 கலோரி மிச்சம். ஒரேயடியாக முடியாதென்றால் இரண்டு வாரம் ஒரு ஸ்பூன், பிறகு அரை. கடை டீயில் 'சர்க்கரை கம்மி' என்றால் மாஸ்டர் அவர் கைக்கு வந்த அளவில்தான் போடுவார். 'சர்க்கரை இல்லாம' என்று கேட்டு நாமே போட்டுக்கொள்வது மேல். வடைக்குப் பதில் ஓர் அவித்த முட்டை, 45 மிச்சம். பிஸ்கட் 80. பஜ்ஜிக்குப் பதில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 90. மதியம் சோற்றைப் பாதியாக்கி இரண்டு முட்டையோ கூடுதல் பருப்போ சேர்த்தால் 45. பரோட்டாவுக்குப் பதில் இரண்டு சப்பாத்தியும் மீல் மேக்கர் குருமாவும், 350. எல்லாம் சேர்த்து 730. ஒரு வேளையும் பட்டினி இல்லை. 2,500 என்பது 1,770 ஆகிவிடுகிறது. இவருடைய இலக்கு 1,650. அந்த மிச்சத்துக்கு எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் யாரும் எண்ணாத கலோரி எண்ணெயில்தான் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 மி.லி., அதாவது 345 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் 25 மி.லி., 207 கலோரி. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தினம் 140 கலோரி குறைகிறது. கேனிலிருந்து நேராகச் சட்டியில் சாய்ப்பதை நிறுத்தி, மாத முதல் நாளில் மூன்று லிட்டரை மட்டும் தனியாக எடுத்து வைத்து, தாளிக்க ஸ்பூனால் எடுப்பது ஒன்றே வேலை. ஒரு தேக்கரண்டி 5 மி.லி., 40 கலோரிக்குச் சற்று மேல். செக்கு எண்ணெயானாலும் ரீஃபைண்ட் ஆனாலும் நெய்யானாலும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. இதில் ஒரு சிக்கல்: சமைப்பவர் வேறு, எடை குறைப்பவர் வேறு என்றால், சமைப்பவரிடம் பேசாமல் எதுவும் நடக்காது. அம்மாவோ மனைவியோ சமைத்துப் போடுவதைக் குறை சொல்லாமல், வாரக் கடைசியில் காய் நறுக்கவும் சுண்டல் ஊறப்போடவும் கூட நிற்பவர்களுக்குத்தான் மூன்று லிட்டர் கைகூடும்.

சோற்றை அளக்க ரைஸ் குக்கரோடு வரும் 180 மி.லி. கோப்பை போதும். அது நிறைய எடுத்தால் 150 கிராம் அரிசி. வெந்தால் 400 கிராமுக்கு மேல் சோறு, 530 கலோரி. மூன்றில் ஒரு பங்கு கோப்பை அரிசி ஒரு வேளைக்கு. தட்டில் போட்ட பிறகு குறைப்பதைவிட உலையில் போடும்போதே குறைப்பது சுலபம். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிறவர்கள் நாம்.

இங்கே மூன்று மூடநம்பிக்கைகளை முடித்துவிடலாம். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது தன்னளவில் எதையும் குறைக்காது. கோதுமை மாவும் அரிசியும் கிராமுக்குக் கிராம் ஏறக்குறைய ஒரே கலோரிதான். எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தி ஒரு தட்டு சோற்றைத் தாண்டிவிடும். சிறுதானியமும் அப்படியே: வரகு, தினையில் நார்ச்சத்து அதிகம், வயிறு தாங்கும், ஆனால் அதிலேயே செய்த நெய்ப் பொங்கல் நெய்ப் பொங்கல்தான். காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் என்பது 60 கலோரி சர்க்கரை.

புரதம் எவ்வளவு? உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் இவருக்கு 90 கிராம் சொச்சம். காலை இரண்டு முட்டை 12. மதியம் பருப்பு 8, கோழியோ மீனோ 100 கிராம் 24. மாலைச் சுண்டல் 9. இரவு உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராம் 15. தயிர் 200 கிராம் 7. சோறு, சப்பாத்தியிலிருந்தே 16. சேர்த்தால் 91. சைவமென்றால் கோழிக்குப் பதில் 100 கிராம் பன்னீரில் 18 கிராம் கிடைக்கும், ஆனால் கலோரி 165லிருந்து 290 பக்கம் போகும். அதனால் பாதி பன்னீர், பாதி மீல் மேக்கர் என்று பிரிப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இந்த வழி எங்கே உடையும்? கேன்டீனில். அளவு நம் கையில் இல்லை, எண்ணெயும் இல்லை. அங்கே செய்யக்கூடியது: கூட்டும் பொரியலும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கி முதலில் சாப்பிடுவது, சோறு ஒரு கரண்டி, கூடவே வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு டப்பா சுண்டல். முழுச் சாப்பாடு கட்ட நேரமில்லாத வீட்டிலும் இந்தச் சின்ன டப்பா சாத்தியம். இரவில் இன்னொரு ஆபத்து: பசியோடு வண்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆர்டர் போடுவது. ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே ஒரு வாழைப்பழமும் மோரும், அல்லது மிச்சச் சுண்டலும் சாப்பிட்டுவிட்டால் பத்து மணிக்குத் தோசை இரண்டோடு நிற்கும். அவசர இரவுக்கென்று வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை: முட்டை, இட்லி மாவு, தயிர், வெள்ளரி. முட்டை தோசை ஏழு நிமிட வேலை. டெலிவரிக்காரர் வருவதற்குள் சாப்பிட்டே முடித்துவிடலாம்.

விரதம்

16 மணி நேரம் வெறும் வயிறு, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. ஒரு வேளைச் சமையல் மிச்சம் என்பதால் நேரமில்லாதவருக்கு இது இயல்பாகவே பிடிக்கும். அது உண்மையான ஆதாயம்தான். ஆனால் விரதத்துக்கென்று தனி மாயம் எதுவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இரு குழுவுக்கும் கலோரி ஒரே அளவில் குறைக்கப்பட்டது. ஒரு குழு காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட்டது. அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. இது புள்ளிவிவரப்படி வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆக, விரதம் வேலை செய்வது சாப்பாடு குறைவதால்.

நடைமுறைச் சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. மதியம் 12 முதல் இரவு 8 என்று வைத்தால், ஒன்பது மணிக்கு வீடு போகிறவர் இரவுச் சாப்பாட்டை அலுவலகத்திலேயே ஏழரைக்கு முடிக்க வேண்டும். அதாவது இரண்டு டப்பா. 'ஒரு வேளை மிச்சம்' என்ற லாபம் இங்கே பாதி போய்விட்டது. அல்லது 2 முதல் 10 வரை. அப்போது கேன்டீன் மூடும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இதோடு பதினொரு மணிக்கு எல்லோரும் டீக்கு எழுந்து போகும்போது பால், சர்க்கரையோடு ஒன்று குடித்தால் விரதம் அங்கேயே முடிந்தது. கடுங்காபியோ சர்க்கரையில்லாத கட்டன் சாயாவோ குடிக்கலாம். முதல் வாரத் தலைவலிக்குத் தண்ணீரும் உப்பும் குறைந்ததே பல நேரம் காரணம். இரண்டாவது தவறு, 'காலையில் சாப்பிடவில்லையே' என்று மதியம் இரண்டு மடங்கு.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் மருந்தளவை மாற்றாமல் விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஈட்டிங் டிஸார்டர் என்னும் உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள், கடுமையான அல்சர் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

பேலியோ

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். அதனால்தான் இவ்வளவு பேர் சேர்கிறார்கள். இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து தீர்ந்தால் தண்ணீரும் போகும். மீண்டும் ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு, அந்த இரண்டு கிலோ திரும்பிவிடும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். எனவே கேள்வி, எது நமக்குத் தொடர்ந்து நடக்கும்? காலையில் 100 பாதாம் என்ற பிரபலமான யோசனை சமைக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, பசியும் தாங்கும்; ஆனால் அது 120 கிராம், 700 கலோரி. அந்த 1,650 இலக்கில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காலையிலேயே முடிந்துவிட்டது. கேன்டீனில் சோறு, சப்பாத்தி, பூரி தவிர வேறு இல்லாத இடத்தில் மூன்று வேளையும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அசைவம் சாப்பிடுபவர், தனியாகச் சமைத்துக்கொள்பவர், செலவைத் தாங்குபவர் என்றால் இது நடக்கும். கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு வைத்தால்தான் முடியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாக வெட்டினால் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு; இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு விரதத்தில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். சிலருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பும் நன்றாகவே ஏறும். ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று.

பவுடர்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் ஒரு ஸ்கூப், 30 கிராம், 120 கலோரி, 24 கிராம் புரதம்: நான்கு முட்டைக்குச் சமம். சைவர்களுக்கு, காலையில் அடுப்பு பற்றவைக்க நேரமில்லாதவர்களுக்கு உதவும் உணவு அது. எடை குறைக்கும் மருந்தல்ல. சாப்பாட்டுக்கு மேல் குடித்தால் எடை கூடும். முழு உணவையும் பவுடராக்கி நாளுக்கு 850 கலோரிக்குள் நிறுத்தும் முறை பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளுக்கு நல்ல பலன் தந்தது, ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில், மாதக்கணக்கில் தொடர் ஆதரவோடு நடந்தது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கூட்டம் போட்டு விற்கும் டப்பாவுக்கு அந்தப் பலனைச் சொல்லி விற்பது பொருந்தாது.

ஊசி

பசியை அடக்கும் ஊசி மருந்துகள் இரண்டு: டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கான செமாக்ளுடைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. எண்ணிக்கையில் வேறெந்த வழியும் இவற்றோடு போட்டியிட முடியாது: செமாக்ளுடைட் 2.4 மி.கி. எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, டிர்செபடைட் 15 மி.கி.யில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். வாரம் ஒரு ஊசி, பசியே மங்கிவிடுகிறது, நேரம் கேட்பதில்லை.

அப்படியானால் ஏன் முதலிடம் இல்லை? நிறுத்தினால் திரும்பும். செமாக்ளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. மாதாமாதம் செலவு, ஆண்டுக்கணக்கில். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்குக் கூடாது. பொதுவாக பி.எம்.ஐ. 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையும் சேர்ந்தவர்களுக்கானது இது. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க அல்ல. பசி போய்விடுவதால் புரதமும் சேர்த்துக் குறைந்து தசை கரைவது இதில் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன 20 நிமிடப் பயிற்சி இவர்களுக்குத்தான் ரொம்பத் தேவை. குறைந்த அளவில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் கூட்டுவார்; நண்பருக்குக் கொடுத்த அளவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போகும் வழி.

யாருக்கு எது

வீட்டுச் சாப்பாடு டப்பாவில் கொண்டுபோகிறவர்: தட்டை மாற்றுவது, எண்ணெயைக் குறைப்பது, வாரம் இரண்டு 20 நிமிடம். வேறெதையும் தேட வேண்டாம்.

விடுதியில் தங்கி கேன்டீனையும் கடையையும் நம்பியிருப்பவர்: காலைப் பசி இயல்பாகவே இல்லாதவரென்றால் 16 மணி நேர விரதம் அவருக்குச் சரி, மதியம் முட்டையோ கோழியோ கட்டாயம். மின்சாரக் கெட்டிலில் முட்டை அவிக்கும் கலை விடுதிவாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவு ஷிப்ட்காரர்: விரத நேரம் பார்ப்பதைவிட, ஷிப்டுக்கு முன் ஒரு முழுச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ தயிரோ, அதிகாலை 2 முதல் 5 வரை பிரியாணி வேண்டாம் என்பதுதான் விதி. வீடு திரும்பியதும் ஜன்னலுக்குத் தடித்த திரை. தூக்கம் சரியாகாத வரை எந்த வழியிலும் பாதிப் பலன்தான்.

பி.எம்.ஐ. 30ஐத் தாண்டி, சர்க்கரையும் சேர்ந்தவர்: மூன்று மாதம் உணவில் உண்மையாக முயன்றும் அசையவில்லையென்றால் ஊசி பற்றி மருத்துவரிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவரானாலும் தொடங்கும் முன் டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கக்கூடும். அதையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும்.

எடை நிற்கும்போது

தினமும் காலையில், கழிப்பறை போய்வந்த பின், ஏதும் குடிக்கும் முன் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதவும். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தமில்லை. பிரியாணி சாப்பிட்ட மறுநாள் உப்பும் தண்ணீரும் சேர்ந்து ஒரு கிலோ காட்டும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படியே. இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளக்கவும். நான்கு வாரச் சராசரி அசையவில்லை என்றால்தான் ஏதோ தவறு.

அந்தத் தவறு பெரும்பாலும் சனி, ஞாயிறில் இருக்கும். ஐந்து நாள் 500 குறைத்தால் 2,500. சனிக்கிழமை மட்டன் பிரியாணி, ஐஸ்கிரீம், இரண்டு பெரிய பீர். ஞாயிறு பூரி, மதியம் கறிக்குழம்பு, மாலை மிக்சர் என்று நாளுக்கு ஆயிரம் கூடினால் 2,000 போய்விட்டது. மிஞ்சுவது வாரத்துக்கு 500 கலோரி: ஒரு கிலோ குறைய மூன்றரை மாதம். பிரியாணியை விடச் சொல்லவில்லை. அந்த வேளையை மட்டும் வைத்துக்கொண்டு, கூடவே வரும் பீரையும் இனிப்பையும் மாலை மிக்சரையும் எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி நேராகும். அதுவும் சரியாக இருந்தால், எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: மாதம் பாதியில் எத்தனை லிட்டர் போயிருக்கிறது?